லாக்கர் பூசிய கிட்டாரில் பிசுபிசுப்பு: எதைக் கொண்டு துடைக்கலாம்?

கேள்வி இதுதான். பழைய கிப்சன் ஜே-45 அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். பின்பக்கம் அவர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தபோது காகிதம் வந்துவிட்டது, பசை அப்படியே தங்கிவிட்டது. நெக்கின், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியின், பின்புறம் கை வைத்தால் ஒட்டுகிறது. சுவர் ஹேங்கரில் மாட்டியிருந்த இடத்தில், தலைப்பகுதிக்குக் கீழே, இரண்டு பக்கமும் மங்கலாக ஒரு தடம். தின்னர் போடு, நெயில் பாலிஷ் ரிமூவர் போடு, நீலகிரித் தைலம் தேய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது என்கிறீர்கள்.

தின்னரையும் ரிமூவரையும் அந்தக் கிட்டார் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம். நீங்கள் சொல்லும் மூன்று இடங்களிலும் இருப்பது ஒரே பிசுபிசுப்பு இல்லை. ஒன்று வெளியிலிருந்து வந்து ஒட்டிய பசை. ஒன்று அநேகமாகக் கை வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த அழுக்கு. மூன்றாவது அழுக்கே இல்லாமல் இருக்கலாம், பூச்சே இளகிப் போயிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பாட்டிலைத் தேடினால் கிட்டார் கெட்டுவிடும்.

உங்கள் கிட்டார் மேல் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸை நைட்ரிக், சல்ஃபூரிக் அமிலங்களோடு வினைபுரியவைத்துச் செய்யும் பொருள் அது. அதோடு பிசினும், பூச்சு வெடிக்காமல் வளைந்து கொடுப்பதற்கான பிளாஸ்டிசைசரும் சேர்த்து, கரைப்பானில் கரைத்து ஸ்ப்ரே செய்கிறார்கள். 1920-களில் டியூபாண்ட் நிறுவனம் டூகோ என்ற பெயரில் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதுவரை வாரக்கணக்கில் காயவிட வேண்டியிருந்த வார்னிஷுக்குப் பதிலாக மணிக்கணக்கில் காயும் பூச்சு கிடைத்தது. கிட்டார் செய்பவர்களும் அந்தப் பத்தாண்டிலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1942-இல் வந்த ஜே-45, இன்று அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் போஸ்மன் நகரில் செய்யப்படுகிறது. அங்கே இன்றும் பூசுவது நைட்ரோதான்.

இந்த லாக்கர் காய்வது என்றால் உள்ளே இருந்த கரைப்பான் ஆவியாகிப் போவது, அவ்வளவுதான். பூச்சுக்குள் புதிய வேதிப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. இறுகிக் கல்லாகிப் போன வெல்லப்பாகு தண்ணீர் பட்டதும் மறுபடி கரைவதுபோல, ஐம்பது வருடப் பழைய லாக்கரும் தன் கரைப்பான் மேலே பட்டால் அந்த நிமிஷமே இளகும். பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் அப்படியில்லை. அவை காயும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, அப்புறம் எளிதில் எதுவும் அவற்றைக் கரைப்பதில்லை. "நான் என் கிட்டாரை ஸ்பிரிட் போட்டுத்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று உங்களிடம் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கிட்டார் பாலி பூசியது, அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நகத்தில் போடும் நெயில் பாலிஷில் பூச்சாகப் படிவது இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். அதை நகத்திலிருந்து எடுப்பதற்காகவே செய்த திரவம் உங்கள் கிட்டாரின் பூச்சையும் அதே வேகத்தில் எடுத்துவிடும். "அசிட்டோன் இல்லாதது" என்று எழுதியிருக்கும் பாட்டிலும் ஆபத்துதான். அசிட்டோனுக்குப் பதில் அதில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும், அதுவும் லாக்கரைக் கரைக்கும். அலமாரிக்கு ஸ்ப்ரே அடிக்கிற பெயின்டர் வைத்திருக்கும் தின்னர் இந்த வகைக் கரைப்பான்களின் கலவை.

ஜே-45 என்பதால் உங்களுக்குப் பூச்சின் வகையில் சந்தேகம் குறைவு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குறைந்த விலை, நடுத்தர விலைக் கிட்டார்களில் பெரும்பாலானவை பாலி. ஃபெண்டர் 1960-களின் பிற்பகுதியில் பாலியெஸ்டருக்கு மாறத் தொடங்கியது. மார்ட்டின், கிப்சன் நிறுவனங்களின் அமெரிக்க மாடல்களில் பலவற்றுக்கு நைட்ரோ. பழைய கிட்டாரை யாராவது இடையில் மறுபூச்சு செய்திருந்தால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், ட்ரஸ் ராட் மூடியை, அதாவது நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் முனையை மறைக்கும் சிறு தகட்டை, கழற்றி, அது மறைக்கும் இடத்தில், காது குடையும் பட்ஸின் நுனியில் அசிட்டோனைத் தொட்டு ஒரு அரிசி அளவு இடத்தில் வையுங்கள். உடனே ஒட்டினால் லாக்கர் அல்லது ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு. ஷெல்லாக் வெறும் ஆல்கஹாலுக்கே இளகிவிடும். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலி. சோதிக்க மனமில்லையா, நைட்ரோ என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போது உங்களுக்குச் சொல்லப்பட்ட மற்ற பொருட்கள். ஆல்கஹால், அதாவது ஸ்பிரிட், சானிடைசர், பாடி ஸ்ப்ரே எல்லாம்: நைட்ரோசெல்லுலோஸைத் தனியாகக் கரைக்க ஆல்கஹால் திணறும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கிட்டார் மேல் இருப்பது தனி நைட்ரோசெல்லுலோஸ் இல்லை, அதில் பிசினும் கலந்திருக்கிறது. ஆல்கஹால் அதை ஊறவைத்து மிருதுவாக்கும், சில சமயம் பால் சிந்தியதுபோல வெண்படலம் விழும். நீலகிரித் தைலம் கண்ணாடியிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் ஸ்டிக்கர் பசையை அழகாக எடுக்கும், ஆனால் லாக்கரை இளக்கக்கூடியது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கிகளையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன். தேங்காய் எண்ணெய் லாக்கரைக் கரைக்காது, பசையையும் ஓரளவு இளக்கும். பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதன் வழியாக மரத்துக்குள் இறங்கிவிடும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல். பழைய நைட்ரோவில் அந்த வெடிப்புகள் இருப்பது சகஜம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், மற்ற சேர்மானங்களும் உண்டு, தீ ஆபத்தும் பெரிது.

கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் இந்த வேலைக்குப் பல காலமாக நம்பிப் பயன்படுத்துவது நாப்தா. பூச்சி வராமல் துணிக்குள் போடும் நாப்தலீன் உருண்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது பெட்ரோலியத்திலிருந்து வடிக்கும் ஒரு திரவம். நமக்குச் சுலபமாகக் கிடைப்பது சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் ஃப்ளூயிட், சின்ன டப்பாவில் விற்பார்கள். எண்ணெய், மெழுகு, கை அழுக்கு, பல ஸ்டிக்கர் பசைகள் ஆகியவற்றை நாப்தா கரைக்கும், நன்றாகக் காய்ந்த நைட்ரோ லாக்கரைக் கரைக்காது. ஆவியான பிறகு மேலே படலம் எதையும் விட்டுப்போகாது. பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று தரும் மினரல் டர்பன்டைனும் அதே குடும்பம்தான், ஆனால் மெதுவாக ஆவியாகும், லேசாக எண்ணெய்ப் பிசுக்கு விடும். நாப்தா கிடைக்காவிட்டால் மட்டும் அது. ஒரு விலக்கு: லாக்கர் புதிதாக அடித்து ஓரிரு மாதமே ஆன கிட்டாராக இருந்தால் நாப்தாவும் வேண்டாம். உள்ளே இன்னும் கரைப்பான் முழுவதும் வெளியேறியிருக்காது.

தொடங்குவதற்கு முன் தீயைப் பற்றி. நாப்தா ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து அடுத்த அறை வரை போகும். பூஜை விளக்கு, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது. ஏ.சி. போட்டு மூடிய அறையில் செய்யாமல் பால்கனியிலோ ஜன்னல் திறந்த இடத்திலோ செய்யுங்கள். நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். கைக்கு நைட்ரைல் கையுறை.

முதல் வேலை உலர்ந்த துணியால் தூசியைத் தட்டி எடுப்பது. தூசியோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். பலமுறை துவைத்து மிருதுவான பழைய பனியன் துணி நல்லது, தையல் ஓரத்தையும் அச்சடித்த படத்தையும் வெட்டி எறிந்துவிடுங்கள். அடுத்து தண்ணீர். வியர்வை உப்பும் சர்க்கரைப் பிசுக்கும் நாப்தாவுக்கு அசையாது, தண்ணீருக்கு வரும். எண்ணெயும் பசையும் தண்ணீருக்கு அசையாது, நாப்தாவுக்கு வரும். அதனால் எப்போதும் தண்ணீர் முதலில், நாப்தா பிறகு. துணியை நனைத்து, இனி சொட்டாது என்கிற வரை பிழிந்து, தேவைப்பட்டால் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு. சிறு இடம் துடைத்ததும் உலர்ந்த துணியால் அங்கேயே ஒற்றிவிடுங்கள். சவுண்ட் ஹோலின் விளிம்பிலும் பிரிட்ஜைச் சுற்றியும் ஈரம் தங்க விடாதீர்கள். அங்கே மரம் திறந்திருக்கிறது.

ஸ்டிக்கர் பசைக்கு வருவோம். திரவம் எதையும் எடுப்பதற்கு முன்னால் கட்டைவிரலை எடுங்கள். பசையின் ஓரத்தில் விரலை வைத்து உருட்டினால் பெரும்பகுதி சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வந்துவிடும். வராத இடத்தில் சாதாரண செல்லோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகப் பிரியுங்கள். பசை பசையோடு போகும். வெடிப்பு விட்ட பழைய பூச்சாக இருந்தால் இந்த டேப் வேலை வேண்டாம், லாக்கர் செதிலாகக் கையோடு வந்துவிடலாம். இன்னும் அடிக்காகிதம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிஷம் வைத்தெடுங்கள். ஹேர் டிரையரை நான் சிபாரிசு செய்வதில்லை. சூட்டில் லாக்கரும் இளகும், அந்த நேரத்தில் நகம் பட்டால் தடம் நிரந்தரம். பிளேடு, கத்தி, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரம் எல்லாம் அப்பால் இருக்கட்டும். பூச்சின் மொத்தக் கனமே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், கீறலுக்கு அங்கே இடமே இல்லை.

மிச்சம் இருப்பதற்கு நாப்தா. முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷம் கழித்து விரல் ஒட்டாவிட்டால் தொடரலாம். கிட்டார் மேல் ஊற்றக் கூடாது, துணியில்தான் ஊற்ற வேண்டும். நனைந்த மடிப்பைப் பசை மேல் பத்து, பதினைந்து வினாடி அழுத்தாமல் வைத்திருந்து, ஒரே திசையில் இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கரைந்த பசை பரவி நாலு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது முகம். நாப்தா சீக்கிரம் ஆவியாகிவிடும், வேலை மெதுவாகப் போவதுபோல் தோன்றும், மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் "கொஞ்சம் ஸ்ட்ராங்காக ஏதாவது போடலாமே" என்று கை துருதுருக்கும். ஐந்து தடவைக்குப் பதில் பத்து தடவை செய்யுங்கள், திரவத்தை மாற்றாதீர்கள். துணியில் வருவது சாம்பல் அல்லது பழுப்பு அழுக்காக இருந்தால் நல்லது. செர்ரிச் சிவப்போ, ஓரம் கருத்து நடுவில் மஞ்சளாக இருக்கும் சன்பர்ஸ்ட் பூச்சின் மஞ்சளோ இறங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். அது கிட்டாரின் நிறம்.

பிக் கார்டின், அதாவது சவுண்ட் ஹோலுக்கு அருகே கீறல் படாமல் ஒட்டியிருக்கும் தகட்டின், ஓரத்துக்கு அருகில் கவனமாக இருங்கள். அது ஒட்டியிருப்பதும் பசையால்தான், நாப்தா அடியில் புகுந்தால் கிளம்பிவிடும்.

ஸ்டிக்கர் போன இடத்தில் அதன் உருவம் வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நைட்ரோ வெளிச்சத்தாலும் வயதாலும் மஞ்சளாகும். ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. அது கறை இல்லை, எந்தத் திரவத்தாலும் போகாது, தேய்த்துச் சமன் செய்யப் பார்த்தால் பூச்சைத் தாண்டி மரத்துக்குப் போய்விடுவீர்கள். வெளிச்சத்தில் இருக்க இருக்க ஓரளவு கூடிவரும். நிறம் சரியாக இருந்து பளபளப்பு மட்டும் மங்கியிருந்தால், சிலிக்கோன் இல்லாத மிக நைசான கிட்டார் பாலிஷால் கையாலேயே லேசாகத் தேய்க்கலாம். சிலிக்கோன் கலந்த கார் பாலிஷை வைத்துத் தேய்த்துவிடாதீர்கள். வெடிப்பு வழியே அது உள்ளே இறங்கினால் பின்னாளில் யாராவது லாக்கர் அடிக்கும்போது அந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் குழிகுழியாக விலகும், பழுதுபார்ப்பவர்கள் இதற்கு மிகவும் பயப்படுவார்கள்.

இனி நெக். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இதைப் பற்றித்தான் அதிகம் புலம்புகிறார்கள், புலம்புவதில் நியாயமும் இருக்கிறது. வியர்வை ஈரமும் கை எண்ணெயும் லாக்கரை ஓயாமல் ஊறவைக்கின்றன. முதலில் பிழிந்த ஈரத்துணி, உலர்த்தல், பிறகு வெள்ளைத் துணியில் நாப்தா. அரை மணி நேரம் காயவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அழுக்குதான் இருந்தது, விஷயம் முடிந்தது. துணி சுத்தமாக வரும் வரை துடைத்த பிறகும் ஒட்டுகிறது, நகத்தை லேசாக அழுத்தினால் பள்ளம் விழுகிறது என்றால் ஒட்டுவது லாக்கரே. அங்கே மேலும் மேலும் துடைப்பது பூச்சை உரிக்கும் வேலைதான். கிட்டாரை உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் சில வாரம் வாசிக்காமல் வைத்துப் பாருங்கள். லேசாக இளகியிருந்தால் ஓரளவு இறுகும். பல வருட வியர்வையில் கெட்டுப்போன பூச்சு இறுகாது. பழைய அக்கூஸ்டிக் கிட்டார்களில் வலது முன்கை சாயும் மேல் ஓரத்தில் இப்படிக் களிம்பாகிப் போன லாக்கரைப் பார்க்கலாம். அதைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசுவதுதான் வழி, அது பழுதுபார்ப்பவர் கையில் நடக்க வேண்டியது.

நெக் ஒட்டவில்லை, ஆனால் கை வழுக்கிப் போகாமல் பிடிக்கிறது என்று சிலர் சொல்வது மூன்றாவது ரகம். பளபளப்பான பூச்சின் இயல்பு அது. மிக நைசான ஸ்டீல் வுல்லால் தேய்த்து அந்தப் பளபளப்பைக் குறைப்பார்கள். கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எடுத்த பூச்சு திரும்ப வராது. வாங்கிய முதல் மாதத்திலேயே அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

ஹேங்கர் தடம்தான் மூன்றில் கஷ்டமானது. ரப்பரையும் வினைலையும் வளையும்படி வைத்திருக்க அவற்றில் சேர்க்கும் பொருட்கள் மெல்ல மெல்ல வெளியே வரும். நைட்ரோ மேல் பல நாள் தொட்டுக்கொண்டே இருந்தால் அவை லாக்கருக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். ஸ்டாண்டின் ரப்பர் குழாய், வினைல் ஸ்ட்ராப், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பின் ரப்பர், பெட்டிக்குள் கிட்டார் மேலேயே சுருட்டி வைத்த கேபிள் எல்லாமே இதைச் செய்யும். நாப்தாவால் மேல் அழுக்கை எடுத்துவிட்டு, தொடாமல் சில வாரம் விடுங்கள். இறுகிவிட்டால், மங்கல் மட்டும் மிச்சம் இருந்தால், மேலே சொன்ன நைசான பாலிஷ். பள்ளம் விழுந்திருந்தால் சொட்டு லாக்கர் விட்டு நிரப்ப வேண்டும், வீட்டில் செய்யாதீர்கள். இனிமேல் ஹேங்கரின் கைகளைக் கனமான பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். மெல்லிய துணி போதாது, சேர்மானம் அதையும் கடந்து வரும். நைட்ரோவுக்கு ஒத்துவரும் என்று குறிப்பிட்டு விற்கும் ஸ்டாண்டுகளிலும் மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையோடு இந்தக் கிட்டாரைத் தொடவே கூடாது, சன்ஸ்கிரீனும் அப்படித்தான். டீட் போன்ற கொசு விரட்டி மருந்துகள் தோலுக்குச் சாது, லாக்கருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கரைப்பான். மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள். வாசித்து முடித்ததும் நெக்கையும் முன்கை படும் இடத்தையும் உலர்ந்த பனியன் துணியால் ஒரு தடவை துடைத்து வைத்தால் அழுக்கு சேராது, நாப்தா பாட்டிலை வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாலே அதிகம்.

நீங்கள் வாங்கியது எந்த வருடத்து ஜே-45 என்று எழுதவில்லை. 1989-க்குப் பிறகு போஸ்மனில் செய்ததாக இருந்தால் மேலே சொன்னதையெல்லாம் தைரியமாக நீங்களே செய்யலாம். 1940, 50-களைச் சேர்ந்தது என்று சந்தேகம் வந்தால் ஸ்டிக்கர் பசையைக்கூட இப்போது தொடாதீர்கள். உள்ளே லேபிளோ எண்ணோ தெரிந்தால் அதைப் படம் எடுத்து, பழைய கிட்டார்களைக் கையாண்ட ஒருவரிடம் காட்டுங்கள். அந்தக் காலத்துக் கிட்டாரின் விலையில் பெரிய பங்கு அதன் முதல் பூச்சு அப்படியே இருப்பதற்குத்தான்.